பதவி ஓய்ந்தது, பணி ஓயவில்லை
அட்மிரல் ராம்தாஸ் அவர்களின் நினைவும் நமது ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

  

சற்று முன்னர் ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பட்டன. அதனைத் தொடர்ந்து 'கித்மத்' என்னும் பொதுச்சேவையைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் என்னைப் பணித்திருக்கிறார்கள். சேவைக்கு இலக்கணமாக வாழ்ந்த சஹாபாப் பெருமக்களின் சரித்திரங்களை ஜும்ஆ பயான்களில் நீங்கள் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இன்று, நம் காலத்தில் வாழ்ந்து, 2024ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் ஹைதராபாத் நகரில் தமது 90ஆம் வயதில் மறைந்த ஒரு பெரியவரை நினைவுகூர விரும்புகிறேன். அவர்தான் இந்தியக் கடற்படையின் முன்னாள் தலைமைத் தளபதி அட்மிரல் இலட்சுமிநாராயண் ராம்தாஸ் அவர்கள்.

நன்றி மறவாமை நபிவழி

அவர் முஸ்லிம் அல்லர்; நம் ஊரைச் சேர்ந்தவரும் அல்லர். அவரைப் பற்றி ஜமாஅத் மேடையில் ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்குரிய விடை நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே இருக்கிறது.

தாயிஃப் நகரிலிருந்து உள்ளமும் உடலும் புண்பட்டுத் திரும்பிய நபிகளார், மக்காவுக்குள் நுழைய ஒருவருடைய பாதுகாப்பு தேவைப்பட்டது. சிலரிடம் ஆள் அனுப்பினார்கள், அவர்கள் மறுத்துவிட்டார்கள். முத்இம் இப்னு அதீ என்பவர் மட்டும் இசைந்தார். தம் மக்களுக்கு ஆயுதம் தரிக்கச் செய்து, கஃபாவின் அருகே நின்று, முஹம்மதுக்கு நான் பாதுகாப்பளித்திருக்கிறேன் என்று ஊரறியச் சொன்னார். அவர் இஸ்லாத்தை ஏற்காதவர். அந்நிலையிலேயே இறந்தும் போனார். பின்னர் பத்ருப் போரில் ஏறத்தாழ 70 பேர் சிறைபிடிக்கப்பட்டபோது, முத்இம் உயிரோடிருந்து இவர்களுக்காக என்னிடம் பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டிருப்பேன் என்னும் கருத்துப்பட நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

சிந்தித்துப் பாருங்கள். உதவி செய்தவர் இறந்துவிட்டார். அவரால் இனி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் வெற்றி பெற்ற வேளையில், தோழர்கள் சூழ்ந்திருந்த சபையில், அவருடைய பெயரைச் சொல்லி நினைவுகூர்ந்தார்கள். மறுமைத் தீர்ப்பு அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. நன்றியறிதல் நம் கையில் இருக்கிறது. அந்த சுன்னத்தின் அடிப்படையிலேயே இந்தப் பெரியவரைப் பற்றிப் பேசத் துணிகிறேன்.

கடலில் கழிந்த 44 ஆண்டுகள்

ராம்தாஸ் அவர்கள் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பம்பாய் மாதுங்காவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். டில்லியில் கல்வி பயின்று, 1949இல் டேராடூனில் இருந்த முப்படைப் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தார். 1953 செப்டம்பரில் கடற்படை அதிகாரியானார். கப்பலுக்கும் கப்பலுக்கும், கப்பலுக்கும் கரைக்கும் இடையே செய்தித் தொடர்பை நடத்துவதே அவர் தேர்ந்த துறை. கொச்சியில் கடற்படைக் கழகத்தை நிறுவிய பணியிலும் அவருக்குப் பங்குண்டு.

அவருடைய துணைவியார் லலிதா அம்மையார், இந்தியக் கடற்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான அட்மிரல் கட்டாரி அவர்களின் புதல்வி. கட்டாரி அவர்கள் நமது செங்கல்பட்டில் பிறந்தவர். 1984இல் டில்லியில் சீக்கியர்கள் மீது கொடிய வன்முறை ஏவப்பட்டபோது, உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கான நிவாரணப் பணியில் இறங்கியவர் லலிதா அம்மையார். சேவை என்பது அந்தக் குடும்பத்தில் ஒருவரோடு நின்றுவிடவில்லை.

1971ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர் மூண்டது. அப்போது ராம்தாஸ் அவர்கள் கிழக்குக் கடற்படை அணியில் 'பியாஸ்' என்னும் போர்க்கப்பலின் தலைவராக இருந்தார். 'விக்ராந்த்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலோடு வங்கக் கடலில் இயங்கிய கப்பல்களுள் அதுவும் ஒன்று. சிட்டகாங், காக்ஸ் பஜார் பகுதிகளைச் சூழ்ந்த கடல்வழியை இந்தியக் கடற்படை அடைத்ததனால், கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த படைகள் கடல்வழியே தப்பவும் முடியவில்லை. உதவி பெறவும் முடியவில்லை. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் சரணடைதல் நிகழ்ந்தது. அந்தக் கடல் முற்றுகையில் ஆற்றிய பணிக்காக அவருக்கு வீர் சக்ரா விருது வழங்கப்பட்டது.

பின்னர் மேற்கு ஜெர்மனியில் இந்தியத் தூதரகக் கடற்படை அதிகாரி, கிழக்குக் கடற்படை அணியின் தளபதி, தென் பிராந்தியத் தளபதி, கிழக்குப் பிராந்தியத் தளபதி எனப் படிப்படியாக உயர்ந்து, 1990 நவம்பர் 30 முதல் 1993 செப்டம்பர் 30 வரை கடற்படையின் தலைமைத் தளபதியாகப் பொறுப்பு வகித்தார். இந்தியக் கடற்படையில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர 1992இல் வழி திறக்கப்பட்டது அவருடைய பதவிக் காலத்தில்தான்.

பயிற்சிக் கழகத்தில் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 44 ஆண்டுகள். இத்தனையும் பெற்ற ஒருவர் ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டு, மாநகரில் வசதியாக வாழ்ந்து, விழாக்களில் முன்வரிசையில் அமர்ந்து தம் நாட்களைக் கழித்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஓய்வுக்குப் பின் தொடங்கிய பணி

அவர் சென்றது மாநகருக்கு அன்று. மஹாராஷ்டிர மாநிலத்தின் அலிபாக் அருகே ஒரு கிராமத்தில், வீர் சக்ரா விருதுக்காக மாநில அரசு வழங்கிய நிலத்தில் இயற்கை முறையில் வேளாண்மை செய்து வாழ்ந்தார். அங்கிருந்துகொண்டே தம் வாழ்வின் இரண்டாம் பணியைத் தொடங்கினார். அது என்ன தெரியுமா? எந்த நாட்டோடு போர் புரிந்தாரோ, அந்த நாட்டு மக்களோடு இந்திய மக்களைச் சகோதரர்களாகச் சந்திக்க வைக்கும் பணி!

1990களில் உருவான பாகிஸ்தான்–இந்தியா மக்கள் மன்றத்தில் அவர் முன்னணியில் நின்றார். அரசுகள் பேசாமல் இருந்த காலங்களிலும் ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், வழக்கறிஞர்கள், தொழிலாளர்கள், மாணவர்கள் ஆகியோர் எல்லையின் இருபுறமும் சென்று கலந்து பேச அந்த மன்றம் வழி செய்தது. கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, இரு நாட்டுச் சிறைகளிலும் வாடும் ஏழை மீனவர்களை விடுவிக்க வேண்டும் என்பதும் அம்மன்றத்தார் விடாமல் எழுப்பிய கோரிக்கைகளுள் ஒன்று. மீன்பிடிக்கச் சென்றவன் திரும்பி வராத வீட்டின் துயரம் நம் கடலூர் மாவட்டத்துக் கரையோர மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1998 மே மாதம் இந்தியாவும், அதனைத் தொடர்ந்து பாகிஸ்தானும் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. இரு நாடுகளிலும் பலர் இனிப்பு வழங்கிக் கொண்டாடினர். அவ்வேளையில், போர் என்றால் என்னவென்று நேரில் அறிந்த இந்தத் தளபதி, அணு ஆயுதம் இரு நாட்டு மக்களுக்கும் பேராபத்து என்று எச்சரித்தார். அணு ஆயுத ஒழிப்புக்கான இயக்கத்தில் தம்மை இணைத்துக்கொண்டார்.

2004ஆம் ஆண்டு அவருக்கு ரமோன் மகசேசே விருது அளிக்கப்பட்டது. அந்த விருதைப் பாகிஸ்தானின் மூத்த பத்திரிகையாளரும் மனித உரிமைப் பணியாளருமான ஐ. ஏ. ரஹ்மான் அவர்களோடு சேர்ந்தே பெற்றார். 1971இல் எதிரெதிர் நாட்டவராக நின்ற இருவர், 33 ஆண்டுகளுக்குப் பின் சமாதானப் பணிக்காக ஒரே விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். ரஹ்மான் அவர்கள் 2021 ஏப்ரலில் மறைந்தார். ராம்தாஸ் அவர்களும் இன்று இல்லை. அவர்கள் விரும்பிய சமாதானம் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால் விதை போட்டவர்களின் பங்கு குறைந்துவிடாது.

பெரியோர்களே! ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்னும் கருத்தை அல்மாயிதா அத்தியாயம் நமக்குப் போதிக்கிறது. நாம் ஓதுகிறோம், ஓதிவிட்டு அண்டை வீட்டாரோடு வரப்புச் சண்டைக்காகப் பத்தாண்டுகள் பேசாமல் இருக்கிறோம். அவரோ பீரங்கிகள் முழங்கிய கடலில் நின்றவர். நாட்டுக்காகப் போரிட வேண்டிய நேரத்தில் போரிட்டார். போர் முடிந்த பின் பகையைத் தம் வீட்டுக்கு எடுத்துச் செல்லவில்லை. நாட்டுப்பற்று வேறு, வெறுப்பு வேறு என்பதை வாழ்ந்து காட்டினார். நம் பிள்ளைகள் இதனை நன்றாக மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நாட்டை நேசிப்பதற்கு எவரையும் வெறுக்க வேண்டியதில்லை. தன் சமுதாயத்தை நேசிப்பதற்கும் அப்படியே.

மேல்தளத்தில் இருந்தவரின் கடிதம்

நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நீங்கள் அறிவீர்கள். ஒரே கப்பலில் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் இருக்கிறார்கள். தண்ணீர் எடுக்க மேலே போக வேண்டியிருக்கிறதே என்று கீழே இருப்பவர்கள் தங்கள் பகுதியில் ஓட்டை போட முனைகிறார்கள். மேலே இருப்பவர்கள் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள்; தடுத்தால் எல்லோரும் பிழைப்பார்கள்.

நாடும் ஒரு கப்பலே. 2015ஆம் ஆண்டு, மாட்டிறைச்சி குறித்த வதந்தியால் உத்தரப் பிரதேசத்தின் தாத்ரி அருகே ஒரு முஸ்லிம் குடும்பத் தலைவர் கும்பலால் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு அக்டோபரில், 82 வயதான ராம்தாஸ் அவர்கள் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் பகிரங்கக் கடிதம் எழுதினார். சிறுபான்மையினரும் தலித் மக்களும் தாக்கப்படுவது குறித்துத் தாம் வெட்கித் தலைகுனிவதாக அதில் தெரிவித்தார். மீண்டும் 2021 டிசம்பரில், ஹரித்வாரில் நடந்த ஒரு கூட்டத்தில் முஸ்லிம்களைக் கொல்லுமாறு வெளிப்படையாகத் தூண்டிப் பேசப்பட்டபோது, அதனைக் கண்டித்துக் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் கடிதம் அனுப்பப்பட்டது. அதில் கையொப்பமிட்ட முன்னாள் முப்படைத் தலைமைத் தளபதிகள் ஐவருள் இவரும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 88.

அவருக்கு இதனால் கிடைக்கக்கூடிய லாபம் என்ன? ஏச்சும் பேச்சுமே கிடைத்தன. தாக்கப்பட்டவர் தம் மதத்தவரா, தம் மொழியினரா என்று அவர் பார்க்கவில்லை. கப்பலில் ஓட்டை விழுகிறதே என்று மேல்தளத்திலிருந்து குரல் கொடுத்தார். கப்பல் தலைவராக இருந்தவருக்கு அது பிறவிக் குணமாகவே ஆகிவிட்டிருந்தது.

கடற்படைக்கு இப்படி ஒரு மரபும் உண்டு. 1946 பிப்ரவரியில் பம்பாய்த் துறைமுகத்தில் தொடங்கி, கராச்சி, சென்னை எனப் பல இடங்களுக்கும் பரவிய மாலுமிகள் கிளர்ச்சியை வரலாற்றில் படித்திருப்பீர்கள். ஏறத்தாழ 20,000 மாலுமிகள் அதில் பங்கெடுத்தனர். அவர்களுடைய போராட்டக் குழுவுக்கு எம். எஸ். கான் என்னும் முஸ்லிம் தலைவராகவும், மதன் சிங் என்னும் சீக்கியர் துணைத் தலைவராகவும் இருந்தனர். வெளியே தலைவர்கள் நாட்டைப் பிரிப்பதா வேண்டாமா என்று வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், கப்பல்களில் காங்கிரஸ், முஸ்லிம் லீக், கம்யூனிஸ்ட் கொடிகளை மாலுமிகள் சேர்த்தே ஏற்றினார்கள். ஒரே கப்பலில் உயிரைப் பகிர்ந்தவர்களுக்குச் சகோதரத்துவம் வெறும் மேடைச் சொல்லாக இருப்பதில்லை.

நமது முறை

அன்பர்களே! நமக்காகக் குரல் கொடுத்தார் என்று புகழ்ந்துவிட்டுக் கலைந்து செல்வதற்காக இதனை நான் சொல்லவில்லை. அவர் தம்மவர் அல்லாதவர்களுக்காக நின்றார். நாம் நம்மவர் அல்லாத யாருக்காக நின்றிருக்கிறோம் என்பதே இன்று நம் முன்னுள்ள கேள்வி.

நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன், இளமைப் பருவத்தில், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் என்பவரின் இல்லத்தில் நடந்த 'ஹில்ஃபுல் ஃபுளூல்' என்னும் உடன்படிக்கையில் கலந்துகொண்டார்கள். யமனிலிருந்து வந்த ஒரு வியாபாரியின் சரக்கை வாங்கிக்கொண்டு மக்காவின் பெரும்புள்ளி ஒருவர் பணம் தர மறுத்ததே அதற்குக் காரணம். அநீதி இழைக்கப்பட்டவர் உள்ளூராரோ வெளியூராரோ, அவருக்குத் துணை நிற்போம் என்று அங்கு உறுதி எடுக்கப்பட்டது. அப்படியோர் ஒப்பந்தத்திற்கு இஸ்லாம் வந்த பின்னர் அழைத்தாலும் ஏற்றுக்கொள்வேன் என்ற கருத்தை நபிகளார் தெரிவித்தார்கள். ஆக, பிறரோடு சேர்ந்து நற்பணி செய்வது நம் மார்க்கத்திற்குப் புதியதன்று.

இதற்கு வெகுதூரம் போய்ச் சான்று தேட வேண்டாம். நம் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைக் கடந்து செல்லும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமிப் பேரலை அந்தக் கரையைத் தாக்கியபோது, வீடிழந்து ஓடிவந்த மீனவக் குடும்பங்களுக்குப் பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் தங்குமிடம் தந்தார்கள். உணவு சமைத்துப் பல நாட்கள் பரிமாறினார்கள். வந்தவர்கள் எந்த மதத்தவர் என்று அடுப்பு கேட்கவில்லை. அந்தச் சேவை அவ்வட்டாரத்தில் இன்றளவும் பேசப்படுகிறது. 2011 டிசம்பர் இறுதியில் 'தானே' புயலும், 2015இல் பெருவெள்ளமும் நம் மாவட்டத்தை வாட்டியதை நீங்களே அனுபவித்திருக்கிறீர்கள். ஆற்றங்கரையில் வாழும் நமக்கு அடுத்த வெள்ளம் வராது என்று எவரும் உறுதி சொல்ல இயலாது.

நம் ஜமாஅத்தில் நெய்வேலி நிறுவனத்திலிருந்தும், சர்க்கரை ஆலையிலிருந்தும், ஆசிரியப் பணியிலிருந்தும், அரசு அலுவலகங்களிலிருந்தும் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களில் உழைத்தவர்களும் இருக்கிறார்கள். ஐவேளைத் தொழுகைக்கு வருகிறீர்கள், அல்ஹம்துலில்லாஹ். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பள்ளியின் திண்ணையில் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுடைய அனுபவமும் உங்களோடு திண்ணையில் அமர்ந்திருக்கிறது! அதற்கு வேலை கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு நாள், ஒரு பொழுதை ஜமாஅத்துக்கு எழுதித் தர வேண்டும். முதியோர் உதவித்தொகை, விதவையர் உதவித்தொகை, மாணவர் கல்வி உதவித்தொகை ஆகியவற்றுக்கு மனு எழுதத் தெரியாமல் அலைகிறவர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலிகளும் போதும். வருகிறவரிடம் பெயரைக் கேளுங்கள், தேவையைக் கேளுங்கள், மதத்தைக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது, சிதம்பரம் மருத்துவமனைக்கு நோயாளியை அழைத்துச் செல்லத் துணையில்லாத வீடுகள் நம் தெருக்களிலும் அடுத்த தெருக்களிலும் உள்ளன. இளைஞர்கள் தங்கள் பெயரையும் இரத்த வகையையும் ஒரு பதிவேட்டில் எழுதிவையுங்கள். நடு இரவில் அழைப்பு வந்தால் யார் போவது என்று அப்போது தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

மூன்றாவது, மழைக்காலம் தொடங்கும் முன்பே வெள்ள நிவாரணத்துக்கென ஒரு குழு அமைய வேண்டும். அதில் பக்கத்துத் தெருக்களின் பெரியவர்களையும் அழைத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆபத்து வந்த பின் அறிமுகமாவதைவிட, அதற்கு முன்பே அறிமுகமாகியிருப்பது நல்லது. தேக்சாக்களும் பாய்களும் நம்மிடம் இருக்கின்றன, ஒழுங்குமுறையே தேவை.

இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பைத்துல்மால் கணக்கில் ஜக்காத் நிதிக்கு உரிய சட்டப்படியான வழிகள் உண்டு. அவற்றை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சதகாவாகத் தரும் பணமும், அதனினும் மேலாக உங்கள் நேரமும் இக்காரியங்களுக்குப் போதும். நேரம் என்பதும் அல்லாஹ் தந்த அமானத்தே. பதவியைத் திரும்ப ஒப்படைக்கும் நாள் உண்டு. அந்த அமானத்துக்குக் கணக்கு ஒப்படைக்கும் நாளும் உண்டு.

அட்மிரல் ராம்தாஸ் அவர்கள் 60 வயதில் சீருடையைக் கழற்றினார். அதன் பின்னர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் மனிதர்களை இணைக்கப் பாடுபட்டார். நமக்கு அவ்வளவு பெரிய களம் இல்லாமல் இருக்கலாம். ஒரு தெருவும் ஒரு மனுவும் ஒரு நோயாளியும் நிச்சயமாக இருக்கிறார்கள். இக்கூட்டம் முடிந்ததும் செயலாளர் அவர்களிடம் பதிவேடு இருக்கும். உங்கள் பெயரையும், உங்களால் இயன்ற நாளையும் அதில் எழுதிச் செல்லுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

யா அல்லாஹ்! எங்கள் ஊரையும் நாட்டையும் அமைதியில் நிலைபெறச் செய்வாயாக! எங்கள் உள்ளங்களிலிருந்து பகையை நீக்கி, எங்களைப் பிறருக்குப் பயன் தருபவர்களாக ஆக்குவாயாக! எங்கள் முதுமையை வீணாக்கிவிடாமல், எங்கள் இளைஞர்களின் ஆற்றலை நன்மையில் செலுத்துவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.